தோட்டப் பட்டணத்திலிருந்து பட்டப் போட்டி வரை: குத்துச்சண்டைக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் வளரும் பிள்ளைக்குக் காற்பந்துத் திடல் வீட்டுக்கு எதிரிலேயே இருக்கும். குத்துச்சண்டை மேடையை நேரில் பார்க்க வேண்டுமானால் ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ போக வேண்டியிருக்கும். ஆகவே, இந்த விளையாட்டைப் பற்றி நம் பிள்ளைகள் தெரிந்துகொள்வதெல்லாம் பெரும்பாலும் கைப்பேசியில் ஓடும் அரை நிமிட நாக்-அவுட் காட்சிகளின் வழியாகத்தான். அதில் விழுகிறவரும் நிற்கிறவரும் தெரிகிறார்களே தவிர, அந்த மேடைக்கு வருமுன் அவர்கள் ஏறிய படிகள் தெரிவதில்லை. அந்தப் படிகளை, முதல் நாள் பயிற்சியிலிருந்து பட்டப் போட்டி வரை, வரிசையாக எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வீரர் எவ்வளவு தூரம் போவார் என்பதை, சம்பளமில்லாத அமெச்சூர் நிலையில் அவர் எத்தனை ஆட்டங்களைப் பொறுமையாக ஆடினார் என்பதும், அதன்பின் யாரை எதிர்த்து ஆட ஒப்புக்கொண்டார் என்பதுமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. குத்தின் வலிமைக்கு அதற்கு அடுத்த இடந்தான்.

சரியான பயிற்சிக்கூடம்

கடைவீதியின் மாடியறையில் "பாக்சிங்" என்று பலகை தொங்கினாலும், உள்ளே நடப்பது உடல் இளைப்பதற்கான வகுப்பாகவோ, காலையும் முழங்கையையும் பயன்படுத்தும் தோமோய்ப் பயிற்சியாகவோ இருக்கலாம். அவற்றில் தவறொன்றுமில்லை, ஆனால் போட்டிக் குத்துச்சண்டைக்கு அவை வழியாகா. எனவே சேருமுன் பயிற்றுநரிடம் மூன்று செய்திகளைக் கேட்டறிய வேண்டும். கடந்த ஓராண்டில் மாநில அளவிலான போட்டிக்கு எத்தனை பேரை அனுப்பினார், அந்தக் கிளப் மாநிலக் குத்துச்சண்டைச் சங்கத்துடன் இணைந்திருக்கிறதா, புதியவரை எப்போது ஸ்பாரிங்கில் (இருவர் நேருக்கு நேர் மோதிப் பழகும் பயிற்சியில்) இறக்குவார் என்பவையே அவை. 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி விளையாட்டு அமைப்புகள் விளையாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், பதிவுச் சான்றிதழைக் காட்டும்படி கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை. "வந்த வாரமே மேடையில் ஏற்றிவிடுவேன்" என்று பெருமையாகச் சொல்லும் பயிற்றுநரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவது நல்லது.

பெற்றோருக்கு இருக்கும் அச்சம் வேறு. பாக்சிங் பழகினால் பையன் அடிதடிக்குப் போவான், கும்பலில் சேருவான் என்று அம்மாமார்கள் தயங்குவது நம் பட்டணங்களில் காரணமில்லாத தயக்கமன்று. தெருவில் கை நீட்டியவனை அன்றே வெளியேற்றும் கட்டுப்பாடு அந்தப் பயிற்சிக்கூடத்தில் இருக்கிறதா என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மீதி விடை, ஒழுங்காகப் பயிற்சி செய்யும் பையன் இரவு ஒன்பது மணிக்கே அசந்து தூங்கிப்போவதில் இருக்கிறது. பெண் பிள்ளைகளையும் சேர்க்கலாம். 2012 முதல் ஒலிம்பிக்கிலேயே பெண்கள் குத்துச்சண்டை இருக்கிறது. எதற்காகவும் எஸ்பிஎம் (இடைநிலைப் பள்ளி இறுதி) தேர்வைக் கைவிட வேண்டாம். நல்ல அமெச்சூர் வீரருக்குச் சீருடைப் படைகளின் வழியாக வேலையும் பயிற்சியும் சேர்ந்து கிடைக்கும் வாய்ப்பு உண்டு. அங்கேயும் முதலில் கேட்பது சான்றிதழைத்தான்.

முதல் ஆறு மாதங்கள்

கையுறையை இரவல் வாங்கிக்கொள்ளலாம். கைக்கட்டுத் துணியும் பற்காப்பும் சொந்தமாக இருக்க வேண்டும். நாலரை மீட்டர் நீளமுள்ள கைக்கட்டுத் துணியைச் சுற்றக் கற்றுக்கொள்வதுதான் உண்மையில் முதல் பாடம். துணியின் முனையிலுள்ள வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, புறங்கை வழியாக மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து மூன்று சுற்று சுற்ற வேண்டும். பிறகு புறங்கையைக் குறுக்கே கடந்து விரல் முட்டிகளின்மேல் மூன்று சுற்று. அதன்பின் ஒவ்வொரு விரலிடுக்கிலும் ஒருமுறை நுழைத்து, கட்டைவிரலை ஒருமுறை வளைத்து, மிச்சத்தை மீண்டும் மணிக்கட்டிலேயே முடிக்க வேண்டும். சுற்றும்போது விரல்களை நன்றாக விரித்து வைத்திருக்க வேண்டும். விரித்த கையில் தளர்வாகவும், முட்டி பிடித்தவுடன் இறுக்கமாகவும் இருந்தால் கட்டு சரி. விரல் நுனி வெளுத்தால் அவிழ்த்துத் திரும்பச் சுற்றுவதே வழி. சுற்றத் தெரியாமல் பையைக் குத்துகிறவர் மணிக்கட்டு வீங்கி வீட்டில் உட்காருவார்.

அடுத்து ஜாப். முன்கையால் நேராக விடும் இந்தக் குத்தில் பார்ப்பவரைக் கவர ஒன்றுமில்லை. ஆனால் தூரத்தை அளப்பது, எதிராளியின் தாளத்தைக் குலைப்பது, அடுத்த குத்துக்கு வழி திறப்பது எல்லாம் அதன் வேலைதான். கை எந்தக் கோட்டில் போனதோ அதே கோட்டில் கன்னத்துக்குத் திரும்பி வர வேண்டும். புதியவர்கள் கையைக் கீழே தொங்கவிட்டபடி திரும்பக் கொண்டுவருவார்கள். அந்த இடைவெளியில்தான் எதிராளியின் வலக்கை வந்து விழும். நகரும்போது கால்கள் ஒன்றையொன்று கடக்கக் கூடாது. இந்த இரண்டு பழக்கங்களும் எண்ணிப் பார்க்காமலே வரும்வரை மற்ற குத்துகளைப் பற்றிக் கவலைப்படுவது வீண்.

விடியற்காலை ஓட்டத்துக்குத் தோட்டத்துச் சாலைகளைப்போல வசதியான இடம் நகரத்தாருக்குக் கிடைக்காது. செம்பனைக் குலை ஏற்றிவரும் லாரிகள் அந்நேரத்தில் வேகமாக வரும் என்பதால், ஒளி பட்டால் மின்னும் சட்டை ஒன்று மட்டும் கட்டாயம்.

ஸ்பாரிங்கை நான்காம், ஐந்தாம் மாதத்துக்குமுன் தொடங்க வேண்டியதில்லை; தொடங்கும்போது 16 அவுன்ஸ் கையுறை, தலைக்கவசம், பற்காப்பு, இடுப்புக் காப்பு நான்கும் இருக்க வேண்டும். இங்கே பயிற்றுநரைக் கவனியுங்கள். இளையவர் தடுமாறும்போது அவர் நிறுத்துகிறாரா, அல்லது கைதட்டி இன்னும் தூண்டுகிறாரா? பால் (ரப்பர்) மரத்தில் கத்தி சற்றே ஆழமாகப் பட்டாலும் அன்றைக்குப் பால் நன்றாகத்தான் வடியும், பட்டை கெட்டுப்போனது பின்னால்தான் தெரியவரும். பயிற்சியில் தலையில் வாங்கும் அடியும் அப்படிப்பட்டதே. ஸ்பாரிங்குக்குப் பின் தலைவலி, குமட்டல், வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுதல், வழக்கத்துக்கு மாறான தூக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் மருத்துவரைப் பார்க்கும்வரை கையுறையைத் தொடக்கூடாது.

அமெச்சூர் ஆட்டங்கள்

அமெச்சூர் குத்துச்சண்டையில் 15, 16 வயதினர் ஜூனியர் பிரிவிலும், 17, 18 வயதினர் இளையோர் பிரிவிலும், 19 முதல் 40 வயது வரையுள்ளோர் எலீட் பிரிவிலும் ஆடுகிறார்கள். ஜூனியர்களுக்கு இரண்டிரண்டு நிமிடமாக மூன்று சுற்றுகள்; மற்றவர்களுக்கு மும்மூன்று நிமிடமாக மூன்று சுற்றுகள். மேடையோரம் ஐந்து நடுவர்கள் அமர்ந்து, சுற்றை வென்றவருக்கு 10 புள்ளியும் மற்றவருக்கு 9 அல்லது அதற்குக் குறைவாகவும் தருவார்கள். 2013க்குப் பிறகு எலீட் ஆண்கள் தலைக்கவசமின்றி ஆடுகிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அது உலகுக்கே தெரிந்தது.

நம் நாட்டில் இந்த ஏணி கிளப் அளவிலான நட்பு ஆட்டங்களில் தொடங்கி, மாநிலத் தேர்வு, சுக்மா (மாநிலங்களுக்கிடையிலான மலேசிய விளையாட்டு), தேசிய அணி, சீ (தென்கிழக்காசிய) விளையாட்டு, ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு என்று உயர்கிறது. 1998இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் 48 கிலோ பிரிவில் சாப்போக் பிக்கி தங்கம் வென்றதை மூத்தவர்கள் இன்னும் நினைவுகூர்வார்கள். உடல் சிறுத்த நம் பிள்ளைகளுக்கு அந்த எடைப்பிரிவு ஒரு நல்ல செய்தி. உயரமும் பருமனும் இல்லாததால் இந்த விளையாட்டில் யாருக்கும் கதவு அடைபடுவதில்லை.

பல நாள் நடக்கும் அமெச்சூர் போட்டிகளில், ஆட வேண்டிய ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள், மருத்துவரும் பரிசோதிப்பார். அதனால் முதல் நாள் நீரை வற்றவிட்டு எடையைக் குறைத்துச் சமாளிக்கும் தந்திரம் இங்கே செல்லாது. தலையில் அடிபட்டு நாக்-அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள் ஆடவோ ஸ்பாரிங் செய்யவோ கூடாது. மூன்று மாதத்துக்குள் இரண்டாம் முறை அப்படி நேர்ந்தால் தடை 90 நாளாகும். இதைத் தண்டனையாக நினைத்து மறைக்கும் பயிற்றுநர்கள் இருக்கக்கூடும். மறைக்க உடன்படாதீர்கள்.

ஒவ்வோர் ஆட்டத்திற்குப் பிறகும் எதிராளியின் பெயர், எடைப்பிரிவு, முடிவு, எந்தக் குத்து பட்டது, எது படவில்லை என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். அமெச்சூரில் தோற்றால் ஒரு பதக்கம்தான் போகும். பாடம் கையில் நிற்கும். தொழில்முறைக்குப் போனபின் ஒவ்வொரு தோல்வியும், ஆட்ட முடிவுகளைத் தொகுக்கும் பாக்ஸ்ரெக் இணையத்தளத்தில் யாரும் பார்க்கும்படி பதிவாகி, அடுத்த ஆட்டத்தின் சம்பளத்தையே குறைத்துவிடும். தோற்றுக் கற்பதற்கு மலிவான இடம் அமெச்சூர் மேடை என்பதால்தான் அதில் கூடுதல் காலம் இருக்கும்படி இவ்வளவு வற்புறுத்துகிறேன். உக்ரேனின் வசில் லோமசெங்கோ 2008லும் 2012லும் ஒலிம்பிக் தங்கம் வென்று, ஏறத்தாழ நானூறு அமெச்சூர் ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில் தோற்ற பிறகே தொழில்முறைக்கு வந்தார். இரண்டாவது ஆட்டத்திலேயே உலகப் பட்டத்துக்கு மோதினார். 2014 மார்ச்சில் ஒர்லாண்டோ சாலிடோவிடம் தோற்றார். சாலிடோ எடையைத் தாண்டி வந்ததால் பட்டத்தைத் தராசிலேயே இழந்திருந்தார்; ஆனாலும் கூடுதல் எடையும் பல்லாண்டுத் தொழில்முறைத் தந்திரங்களும் ஆட்டத்தை அவர் பக்கம் திருப்பின. அத்தகைய அமெச்சூர் மேதைக்கே அந்த நிலை என்றால், பத்துப் பதினைந்து ஆட்டங்களோடு தொழில்முறைக்கு அவசரப்படுகிறவரின் நிலையை நீங்களே கணித்துக்கொள்ளலாம். நான்கு மாதத்துக்குள் லோமசெங்கோ தம் மூன்றாவது ஆட்டத்தில் கேரி ரசலை வென்று டபிள்யூபிஓ அமைப்பின் உலகப் பட்டத்தைப் பெற்றதையும் சொல்லிவிட வேண்டும்.

தொழில்முறைக்கு மாறுதல்

தொழில்முறை உரிமம் பெரும்பாலான நாடுகளில் 18 வயது நிறைந்தவருக்கே தரப்படுகிறது. மூளை ஸ்கேன், கண் பரிசோதனை, எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி இரத்தப் பரிசோதனைகள் ஆகியவற்றின் முடிவுகளைக் கேட்பார்கள்; முதல் ஸ்கேன் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டால், பிற்காலத்தில் எடுக்கும் ஸ்கேனை அதனோடு ஒப்பிட உதவும். மேடையிலும் பல மாறுகின்றன. பனியன் இல்லை, தலைக்கவசம் இல்லை. 66.68 கிலோ வரையுள்ள பிரிவுகளுக்குக் கையுறை 8 அவுன்ஸ்தான். நடுவர்கள் மூவர். நான்கு சுற்று ஆட்டங்களில் தொடங்கி ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று ஏற வேண்டும். பெண்களுக்குச் சுற்று பொதுவாக இரண்டு நிமிடம், பட்டப் போட்டி பத்துச் சுற்று. அமெச்சூரில் ஒன்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடும் பழக்கம் உடையவர், எட்டுச் சுற்று ஆட்டத்தில் ஐந்தாம் சுற்றிலேயே கால் கனத்து நிற்பார். வயிற்றுப் பகுதியைக் குத்துவது, நெருங்கிப் பிடித்து மூச்சு வாங்குவது, சுற்றின் எந்த நிமிடத்தில் வேகம் கூட்டுவது என்பவற்றை இங்கேதான் கற்க வேண்டியிருக்கும்.

நான்கு பேரின் வேலையைப் பிரித்தறிந்து வைத்துக்கொள்ளுங்கள். பயிற்றுநர் உங்களைத் தயார்ப்படுத்துகிறார். மேலாளர் உங்கள் நலனுக்காகப் பேரம் பேசுகிறார். புரோமோட்டர் நிகழ்ச்சியை நடத்தி டிக்கெட் விற்கிறார். மேட்ச்மேக்கர் யாருக்கு யார் என்று பொருத்துகிறார். ஒருவரே மேலாளராகவும் புரோமோட்டராகவும் இருந்தால், உங்களுக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய பணத்தை அவர் தம் பையிலிருந்து எடுக்க வேண்டியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். சம்பளத்தில் பயிற்றுநருக்குப் பத்து விழுக்காடு என்பது உலக வழக்கு. மேலாளரின் பங்கு இடத்துக்கு இடம் மாறும். பிரிட்டனில் 25 விழுக்காடும் அமெரிக்காவில் பல இடங்களில் மூன்றில் ஒரு பங்கும் உச்சவரம்பு. இந்தக் கழிவுகளோடு விமானக் கட்டணம், தங்குமிடம், பரிசோதனைச் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, தானாக நீட்டிக்கும் பிரிவு இருக்கிறதா, ஆண்டுக்குக் குறைந்தது எத்தனை ஆட்டம் தருவதாக உறுதி, காயம்பட்டால் என்ன என்ற நான்கையும் தேடிப் படிக்க வேண்டும். நம் நாட்டில் 18 வயது நிறையாதவர் செய்துகொள்ளும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது. "பையன் கையெழுத்துப் போட்டால் போதும்" என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் தாளை நீட்டுகிறவரைப் பற்றி அதிலிருந்தே முடிவுக்கு வரலாம். செல்லுபடியாகும் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை செலுத்தி, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பட்டணத்திலுள்ள வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுவதற்கு ஆகும் கட்டணம், பிறகு அழுவதைவிட மலிவு.

எதிராளியைத் தேர்ந்தெடுத்தல்

மலேசியாவில் தொழில்முறை நிகழ்ச்சிகள் அடிக்கடி நடப்பதில்லை. 1975 ஜூலை 1ஆம் தேதி முகமது அலியும் ஜோ பக்னரும் மெர்டேக்கா அரங்கில் 15 சுற்று மோதியதும், 2018 ஜூலையில் பிலிப்பைன்சின் மேனி பாக்கியாவ் புக்கிட் ஜாலிலில் லூக்காஸ் மத்தீசை ஏழாம் சுற்றில் வீழ்த்தியதும் அரிதான நாள்கள். ஆகவே இளம் தொழில்முறை வீரருக்குத் தாய்லாந்திலிருந்தோ பிலிப்பைன்சிலிருந்தோ அழைப்பு வரும். அழைப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதில்தான் பலருடைய தொழில் வாழ்க்கை நிமிர்வதும் கவிழ்வதும்.

பத்து நாள் அவகாசத்தில், உங்கள் வழக்கமான எடையைவிட இரண்டு பிரிவு மேலே, உள்ளூர் நாயகனுக்கு எதிராக ஆட அழைத்தால், தோற்றுப்போக ஓர் ஆள் தேவைப்படுகிறது என்பதே அதன் பொருள். பாக்கியாவ் 2001 ஜூனில் இரண்டு வார அவகாசத்தில் மாற்று ஆளாகப் போய், பட்டத்தை வைத்திருந்த லெட்வாபாவை வென்று ஐபிஎஃப் உலகப் பட்டம் பெற்றதை இதற்கு மறுப்பாகக் காட்டுவார்கள். அவர் 1995இல் 16 வயதிலேயே தொழில்முறைக்கு வந்தவர். 1998 டிசம்பரில் தாய்லாந்து மண்ணிலேயே சாட்சாய் சாசகுலை வீழ்த்தி டபிள்யூபிசி உலகப் பட்டம் பெற்றிருந்தவர். அவகாசம் குறைவாக இருந்தது. அனுபவம் குறைவாக இல்லை.

முதல் சில ஆட்டங்களுக்கு, உங்களிடம் இன்னும் விடை இல்லாத ஒரு கேள்வியைக் கேட்கும் எதிராளிகளை வரிசைப்படுத்துவதே நல்ல மேலாளரின் வேலை. ஓர் இடக்கை ஆட்டக்காரர், ஓர் உயரமானவர், விழாமல் கடைசிவரை நிற்கும் ஓர் அனுபவசாலி என்று மாற்றி மாற்றிக் கொடுப்பார். எல்லாரையும் முதல் சுற்றிலேயே வீழ்த்திய 12-0 (பன்னிரண்டு வெற்றி, தோல்வி இல்லை) என்ற பதிவு பார்க்க அழகாக இருக்கலாம்; எதிராளிகளின் பதிவைத் திறந்து பார்த்தால் அவர்களில் யாருமே ஓர் ஆட்டமும் வென்றதில்லை என்று தெரியவரும்போது அந்த அழகு போய்விடும். அதேபோல ஆரம்பத் தோல்விகளால் எல்லாம் முடிந்துவிடுவதும் இல்லை. தாய்லாந்தின் சிசாகெட், முதல் ஆட்டங்களில் ஒரு வெற்றி, மூன்று தோல்வி, ஒரு சமம் என்று தொடங்கியவர். குப்பை அள்ளும் வேலையும் பார்த்தவர். 2013இல் டபிள்யூபிசி சூப்பர் பிளைவெயிட் எடைப்பிரிவின் உலகப் பட்டம் வென்றார். 2017இல் நியூயார்க்கில், அப்போது அந்தப் பட்டத்தை வைத்திருந்த ரோமன் கொன்சாலஸையும் தோற்கடித்தார்.

பட்டங்களின் ஏணி

உலகப் பட்டம் தரும் முக்கிய அமைப்புகள் நான்கு: டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ. எடைப்பிரிவுகள், அமைப்பைப் பொறுத்து, பதினேழு அல்லது பதினெட்டு. நேராக அங்கே போக முடியாது. முதலில் தேசியப் பட்டம், பிறகு ஓபிபிஎஃப் (கிழக்கு, பசிபிக் நாடுகளின் குத்துச்சண்டைக் கூட்டமைப்பு), டபிள்யூபிஓ ஆசிய பசிபிக் போன்ற வட்டாரப் பட்டங்கள். வட்டாரப் பட்டத்தின் பெரிய பயன் இடுப்பில் மின்னும் பெல்ட் அன்று. அந்த அமைப்பின் தரவரிசைக்குள் நுழைவதுதான். 2008 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற இந்தியாவின் விஜேந்தர் சிங், 2015இல் தொழில்முறைக்கு மாறி, 2016 ஜூலையில் தம் ஏழாவது ஆட்டத்தில் டபிள்யூபிஓ ஆசிய பசிபிக் பட்டத்தை வென்றார். பொதுவாக முதல் 15 இடங்களுக்குள் இருப்பவரையே உலகப் பட்டத்துக்கு எதிராளியாக ஏற்பார்கள். முதலிடத்திலிருப்பவர் கட்டாய எதிராளி. அவரைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பட்டத்தை வைத்திருப்பவர் சந்தித்தே ஆக வேண்டும். பட்டப் போட்டியில் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்று விழுக்காட்டை அந்த அமைப்புக்கு அனுமதிக் கட்டணமாகக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பட்டப் போட்டிக்கான தயாரிப்பு எட்டு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். பன்னிரண்டு சுற்று என்ற வரம்புக்கே ஒரு துயரக் காரணம் உண்டு. 1982 நவம்பரில் ரே மான்சினியுடன் மோதிய கொரிய வீரர் கிம் டுக்-கூ, 14ஆம் சுற்றில் வீழ்ந்து சில நாளில் இறந்தார். அதன்பிறகே டபிள்யூபிசி தன் பட்டப் போட்டிகளை 15 சுற்றிலிருந்து 12 ஆகக் குறைத்தது, மற்றவையும் பின்தொடர்ந்தன. தொழில்முறையில் எடை பார்ப்பது போட்டிக்கு முந்திய நாள் என்பதால், உடலின் நீரை வற்றவைத்து எடையைத் தொடும் பழக்கம் பரவியிருக்கிறது. நீர் வற்றிய உடலோடு மேடை ஏறுகிறவருக்கு ஒவ்வொரு குத்தும் கூடுதல் ஆபத்து. நம் வெயிலில் பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடி வியர்வையை வடியவிடுவதை எந்தப் பயிற்றுநர் சொன்னாலும் ஏற்க வேண்டாம். இதைத் தடுக்கத்தான் டபிள்யூபிசி, போட்டிக்கு 30 நாளுக்கு முன்பே எடை பார்த்து, வரம்பைவிடப் பத்து விழுக்காட்டுக்குமேல் இருக்கக் கூடாது என்கிறது. ஐபிஎஃப், போட்டி நாள் காலையில் மீண்டும் பார்த்து, பத்துப் பவுண்டுக்குமேல் ஏறியிருக்கக் கூடாது என்று விதி வகுத்தது. எடையைத் தொடவே உயிர் போகிறதென்றால் அடுத்த பிரிவுக்கு ஏறிவிடுங்கள்.

போட்டியன்று மேடையில் உங்கள் மூலையில் உதவிக்கு யார் நிற்கிறார்கள் என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். சுற்றுக்கு இடையிலுள்ள அறுபது வினாடியில் முதல் பத்து வினாடி மூச்சு வாங்கவே போய்விடும். பிறகு ஒருவர் மட்டும், இரண்டே இரண்டு அறிவுரை சொல்ல வேண்டும். வெட்டுக்காயத்தை அடைக்கத் தெரிந்தவர் தனியாக ஒருவர் வேண்டும். சித்தப்பா, மாமா, கூட்டாளி என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினால் வீரர் காதில் எதுவும் விழாது. ஆட்டத்தை நிறுத்தத் துண்டை வீசும் அதிகாரம் யாருக்கு என்பதையும் வீட்டாரின் முன்னிலையில் பேசி வையுங்கள். அந்த அதிகாரம் பயிற்றுநரிடம் இருப்பதே முறை.

ஆட்டம் முடிந்தபின், வென்றாலும் தோற்றாலும், மேடை மருத்துவர் குறிக்கும் ஓய்வு நாள்களைக் கணக்காகப் பின்பற்ற வேண்டும். அந்த இரவில் வீரரைத் தனியே உறங்க விடாமல் வீட்டார் ஒருவர் உடனிருந்து, தலைவலி கூடினாலோ பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். சம்பளத்துக்கான கணக்கை எழுத்தில் வாங்கி, கழிவுகளைச் சரிபார்த்து, வருமான வரிக்குரிய பகுதியை அன்றே தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது.